கரைப்பான் மருந்தான கதை

ஐரோப்பிய மருத்துவ மரபிலே மனக்கலக்கத்துக்கும் உறக்கமின்மைக்கும் நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டு வந்த மூலிகைகளுள் வலேரியன் ஒன்றாகும். வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த சிறு மலர்களைக் கொத்துக் கொத்தாகத் தாங்கும் இச்செடியின் மலர் நறுமணம் உடையது. ஆனால் மருந்தாவது அதன் வேரே. அவ்வேரோ உலர உலர நாற்றமெடுக்கும் இயல்பினது. பண்டைக் கிரேக்க மருத்துவ நூலோர் இதனைப் 'பூ' என்னும் பெயரால் வழங்கினர். நாற்றம் தாளாது மூக்கைப் பொத்துபவன் வாயினின்றும் பிறக்கும் ஒலியே அப்பெயர் என்பர். தமிழ்ச் செவிக்கு இது சற்று நகைப்பைத் தருதல் கூடும்.

பச்சை வேரிலே இந்நாற்றம் அத்துணை இல்லை. வேர் உலரும்போது அதிலுள்ள சில சேர்வைகள் சிதைந்து ஐசோவலரிக்கமிலத்தை வெளிவிடுகின்றன. பழம் பாற்கட்டியிலும் வியர்த்த பாதத்திலும் வீசுவது இதே அமிலந்தான். பூனைகள் மாத்திரம் இவ்வேரை முகர்ந்து மயங்கிப் புரளும். சித்த, ஆயுர்வேத மருத்துவங்களிலே பயிலும் சடாமாஞ்சிலும் இக்குடும்பத்துச் செடியே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

இச்செடியின் பெயரையே தன் பெயராகப் பெற்றது வலரிக்கமிலம். 5 காபன் அணுக்கள் ஒரே நிரையில் அமைந்த குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலம் அது. 1882 ஆம் ஆண்டில் பேட்டன் என்னும் அமெரிக்க இரசாயனவியலாளர், இதனை ஒத்ததாய், ஆனால் 8 காபன் அணுக்களுடன் கிளைத்த அமைப்பினதாய், வேறோர் அமிலத்தை ஆக்கினார். வல்புரோயிக்கமிலம் எனப் பின்னர் பெயர்பெற்றது இதுவே. வலேரியன் வேரைத் தோண்டிப் பார்த்தால் இது கிடைக்காது. செடியின் அமிலத்தை மாதிரியாகக் கொண்டு மனிதன் சமைத்த பொருள் இது. நிறமற்ற அத்திரவத்தினால் உடலுக்கு நன்மையும் இல்லை, தீமையும் இல்லை என்று ஆய்வுக்கூடத்தார் கருதினர். எனவே நீரிற் கரையாத பொருள்களைக் கரைக்கும் கரைப்பானாகவே அது ஏறத்தாழ 80 ஆண்டுகள் அலமாரியில் இருந்தது.

1962 ஆம் ஆண்டளவில் பிரான்சிலே பியர் எய்மார் என்னும் ஆராய்ச்சி மாணவர் கெலின் என்னும் தாவரப் பொருளின் வழிவந்த சேர்வைகள் சிலவற்றை ஆக்கியிருந்தார். அவை நீரிற் கரைய மறுத்தன. வல்புரோயிக்கமிலத்திற் கரைத்து, வலிப்பை உண்டாக்கும் நஞ்சூட்டப்பட்ட விலங்குகளுக்குக் கொடுத்தபோது வலிப்புத் தணிந்தது. மகிழ்ச்சிக்குரிய முடிபுதான். ஆயினும் ஓர் இடர்ப்பாடு தோன்றிற்று. கரைக்கப்பட்ட சேர்வையின் அளவுக்கும் கிடைத்த பயனுக்கும் இடையே ஒழுங்கான தொடர்பு காணப்படவில்லை. அவ்வாறாயின் தொழிற்படுவது எது? கரைப்பானைத் தனியே கொடுத்துப் பார்த்தனர். வலிப்பு அப்போதும் தணிந்தது. எய்மார், மெனியே, கறாஸ் முதலியோர் 1963 இல் இதனை வெளியிட்டனர். இதனைத் தற்செயல் என்று கூறிவிடுவது எளிது. ஆனால் விரும்பிய பயன் கைக்கு வந்த பின்னரும் ஐயுற்று, கரைப்பானை மாத்திரம் கொடுத்துப் பார்த்தல் தற்செயலாக நிகழ்வதன்று.

1967 இல் பிரான்சிலும் 1978 இல் ஐக்கிய அமெரிக்காவிலும் இது வலிப்பு நோய் மருந்தாக ஏற்கப்பட்டது. 1966 இலேயே இலம்பேர் என்னும் பிரெஞ்சு மனநோய் மருத்துவர் இதன் அமைட்டு வடிவத்தை உள எழுச்சியும் சோர்வும் மாறி மாறி வரும் நோயாளருக்குக் கொடுத்துப் பயன் கண்டிருந்தார். மூளையின் கிளர்ச்சியை அடக்கும் காபா என்னும் பொருளின் செயலை இது வலுப்படுத்துகின்றது. நரம்புக் கலங்களிற் சோடியம் புகும் வாயில்களையும் ஒடுக்குகின்றது. வலேரியன் வேரின் பயன் குறித்த மருத்துவச் சோதனைகளோ இன்றுவரை ஒருமித்த முடிபைத் தரவில்லை. செடியிலே ஐயத்துக்குரியதாய் நின்ற அமைதிப்படுத்தும் ஆற்றல், அதன் சாயலிற் பிறந்த செயற்கை அமிலத்திலே ஐயமின்றி வெளிப்பட்டது எனலாம்.

இவ்வாற்றலுக்கு உரிய விலையும் பிரான்சிலேயே தெரியவந்தது. கருவுற்ற காலத்தில் இம்மருந்தை உட்கொண்ட தாய்மாரின் குழந்தைகளிடையே முள்ளந்தண்டு மூடாத குறை மிகுதியாகக் காணப்படுவதை 1982 இல் லியோன் நகர ஆய்வாளர் சுட்டிக்காட்டினர். இத்தகைய குழந்தைகளுள் 100 இற்கு ஏறத்தாழ 10 பேருக்குப் பிறவிக்குறையும், 30 முதல் 40 பேருக்குப் பேச்சு, நினைவு, கற்றல் ஆகியவற்றிலே தளர்வும் ஏற்படலாம் எனப் பிற்கால ஆய்வுகள் காட்டின. 1967 முதல் 2016 வரை பிரான்சில் மாத்திரம் பெரும் பிறவிக்குறையுடன் பிறந்தோர் 2150 முதல் 4100 வரை இருக்கலாம் என அந்நாட்டு அரச நிறுவனங்கள் 2017 இல் மதிப்பிட்டன. தம்மிடம் எவரும் இதனைச் சொல்லவில்லை என்பதே அத்தாய்மாரின் முறையீடு. 1982 இல் ஆய்வேட்டில் அச்சேறிய செய்தி மருந்துப் பெட்டியின் மேல் தெளிவாக ஏறுவதற்குப் பல்லாண்டுகள் சென்றன. இதனை மன்னித்தல் அரிது.

எனினும் மருந்தை எறிந்துவிடு என்று கூறுவதும் இலகுவன்று. வலிப்பு நோயாளி மருந்தைத் திடீரென நிறுத்தினால் தாயின் உயிருக்கும் வயிற்றுச் சிசுவின் உயிருக்கும் ஆபத்து விளையலாம். சிலருக்கு வேறு மருந்து எதுவும் பயன் தருவதில்லை. ஐரோப்பிய மருந்து முகவரகம் 2018 இல், கருவுறக்கூடிய பெண்களுக்குக் கருத்தடை ஏற்பாடின்றி இதனைக் கொடுக்கலாகாது என விதித்து, பெட்டியின் மேல் எச்சரிக்கைப் படமும் இடப் பணித்தது. 2024 சனவரியிலே அதன் கவனம் தந்தையரிடத்தும் சென்றது. கருத்தரிப்புக்கு முந்திய 3 மாதங்களில் இம்மருந்தை உட்கொண்ட ஆடவரின் குழந்தைகளுள் 100 இற்கு ஏறத்தாழ 5 பேருக்கும், ஒப்பிடப்பட்ட வேறு மருந்துகளை உட்கொண்டோரின் குழந்தைகளுள் 3 பேருக்கும் மூளை வளர்ச்சிக் கோளாறு காணப்பட்டதாகத் தரவுகள் கூறின. அத்தரவுகளில் வரம்புகள் உள எனவும், ஆயினும் முன்னெச்சரிக்கை வேண்டும் எனவும் முகவரகம் அறிவித்தது.