பெரிய எழுத்தும் நம் பெயரும்

தமிழ் எழுத்துக்களில் பெரியது, சிறியது என்னும் வரிசை வேறுபாடு கிடையாது. குறிலும் நெடிலும் உண்டெனினும், அவை ஒலியின் அளவைக் குறிப்பன. தளேகாவில் நம்மைச் சூழ்ந்து வாழும் மராத்தியரின் தேவநாகரிக்கும் அவ்வேறுபாடு இல்லை. ஆங்கிலத்துக்கோ இரு வரிசைகள். முற்காலத்து அச்சுக்கோப்பவர் பெரிய எழுத்துக்களை மேற்பெட்டியிலும் சிறியவற்றைக் கீழ்ப்பெட்டியிலும் இட்டு வைத்தனர். இன்றும் ஆங்கிலேயர் அவற்றை அப்பெட்டிகளின் பெயராலேயே வழங்குகின்றனர்.

ரயில்வே எழுத்தராகிய நமக்கு இவ்வேறுபாடு நாள்தோறும் எதிர்ப்படுவது. முன்பதிவுப் படிவத்தில் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதுமாறு கேட்பர். கிறுக்கலான கையெழுத்தும் அவ்வாறு எழுதினால் தெளிவுபடும் என்பது ஒரு காரணம். கணிப்பொறியின் இயல்பு மற்றொன்று. அதற்கு எழுத்தென்பது ஓர் எண்ணே. 'ஆஸ்கி' என்னும் அட்டவணையில் ஆங்கிலத்தின் பெரிய முதலெழுத்துக்கு எண் 65, சிறியதற்கு 97. ஆகவே, 'முருகன்' என்பதைப் பெரிய எழுத்தில் ஒருவரும் சிறிய எழுத்தில் மற்றொருவரும் பதிந்தால், இயந்திரம் அவற்றை இரு வேறு பெயர்களாகவே கொள்ளும்.

இதற்கு நிரல் எழுதுவோர் கண்ட வழி எளிது. 26 எழுத்துக்களுக்கும் இடைவெளி ஒன்றே: 32. எண் 97 முதல் 122 வரை இருப்பின் 32 ஐக் கழித்தால் எழுத்துப் பெரிதாகிவிடும். அவ்வெல்லைக்குள் வாராததை அப்படியே விட்டுவிட வேண்டும். 1963 இல் வெளியான ஆஸ்கியில் சிறிய எழுத்துக்களே இல்லை; 1967 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அவை இவ்வொழுங்குடன் அமைந்தன. பைத்தான் மொழியில் இம்மாற்றத்தைச் செய்யும் கட்டளையின் பெயர் 'அப்பர்'. நாவுக்கரசரை நினைந்து நாம் நகைத்துக் கொள்ளலாம்!

பிற மொழிகளில் இக்கணக்கு இடறும். துருக்கியரின் புள்ளியிட்ட 'ஐ' பெரிதானாலும் தன் புள்ளியை விடாது. ஜெர்மானியரின் ஓரெழுத்து, பெரிதாகும்போது இரண்டு 'எஸ்' ஆகிவிடும். 1991 இல் யூனிகோடில் இடம்பெற்ற நம் தமிழெழுத்தோ, அப்பர் கட்டளைக்கு அணுவளவும் அசையாது.

அன்பர்களே, நாம் கருதவேண்டுவது இனித்தான் உள்ளது. பெரிய எழுத்தாக்கும் கட்டளை எழுத்தின் உருவைத்தான் ஒன்றாக்கும். பிழைபட்ட எழுத்துக்கூட்டலை ஒன்றாக்காது. 'எழிலரசி' என்னும் பெயரின் ழகரத்தை ஒருவர் 'இசட் எச்' என்பார்; மற்றொருவர் 'எல்' என்பார். பெயருக்குமுன் நாம் இடும் தந்தையின் முதலெழுத்தையோ, பெயர், தந்தை பெயர், குடும்பப்பெயர் என நிற்கும் மராத்திய முறை ஏற்றுக் கொள்வதில்லை. பிறப்புச் சான்றில் ஒரு வடிவம், பள்ளிப் பதிவேட்டில் ஒரு வடிவம், ஆதாரில் வேறொரு வடிவம் என்றிருந்தால், அம்மூவரும் ஒரே குழந்தை என்று மெய்ப்பிக்க அலையவேண்டியவர் பெற்றோரே. ஊர் விட்டு ஊர் வந்து அன்றாடக் கூலியால் வாழும் குடும்பத்துக்கு அவ்வலைச்சலில் கழியும் ஒவ்வொரு நாளும் ஒரு நாட்கூலியின் இழப்பன்றோ?

ஆதலின், குழந்தைக்குப் பெயர் சூட்டும் நாளிலேயே அதன் ஆங்கில வடிவத்தையும் முடிவு செய்க. முதலெழுத்தை விரித்துத் தந்தையின் பெயரை முழுமையாக எழுதுக. அதனை ஒரு தாளில் பெரிய எழுத்தில் தீட்டி, குடும்ப அட்டையுடன் சேர்த்து வைக்க. படிவம் எங்கு வரினும் அத்தாளைப் பார்த்தே எழுதுக. படிவம் நிரப்பத் தயங்கும் அண்டை வீட்டாருக்கும் இவ்வுதவியைச் செய்வோமாக.