கடம் முன்வரிசைக்கு வந்த கதை

‘ஃப்யூஷன்’ என்ற வார்த்தையைக் கேட்டதும் முகம் சுளிக்கிற ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார். எங்கள் வீட்டில் அது என் மாமனார். “சாம்பார்ல ஜாமைக் கலக்கற வேலைம்மா” என்பார். அதில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதிக்கு ‘சக்தி’ குழுவைத்தான் நான் சாட்சிக்குக் கூப்பிடுவேன்.

ஜான் மெக்லாஃப்ளின் இங்கிலாந்துக்காரர். ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸோடு வாசித்தவர். பிறகு ‘மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா’ என்று ஒரு குழு ஆரம்பித்து, எலெக்ட்ரிக் கிட்டாரில் காது கிழிய வாசித்துப் பெரும் கூட்டம் சேர்த்தவர். அந்த மனிதர் 1975-ல் அதையெல்லாம் விட்டுவிட்டு, சாதாரண கிட்டாரோடு மேடையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் வயலினோடு எல்.சங்கர். அப்பா லட்சுமிநாராயணா இசை கற்பித்த யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். தபலாவுக்கு ஜாகிர் உசேன். கடத்துக்கு நம் விக்கு விநாயக்ராம். நியூயார்க் பக்கத்து லாங் ஐலண்டில், ஒரு கல்லூரியில் அந்த ஜூலை மாதம் வாசித்த கச்சேரிதான் முதல் இசைத்தட்டாக வந்தது. அதில் ராம்நாட் ராகவனின் மிருதங்கமும் உண்டு.

ஜாஸ் கேட்டுப் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு பாட்டை வாசித்துவிட்டு, ஒவ்வொரு கலைஞரும் தன் கற்பனையில் அதை விரித்துக்கொண்டு போவார்கள். நம் கல்பனாஸ்வரம் மாதிரிதான். அப்படியானால் இரண்டும் சட்டென்று ஒட்டிக்கொள்ள வேண்டுமே? ஒட்டாது. பெரும்பாலான ஜாஸில், பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் ‘கார்டு’கள் பின்னால் மாறிக்கொண்டே இருக்கும். பாட்டு நிற்கிற தரையே நகரும். நமக்கோ தரை அசையக் கூடாது. தம்பூரா விடாமல் சுருதியைப் பிடித்திருக்க, அதன்மேல்தான் ராகம். அடியில் கார்டு மாறினால், அதே ஸ்வரங்கள் வேறு என்னவோவாகக் காதில் விழும். மாமனார் சொல்லும் ஜாம் இதுதான்.

மெக்லாஃப்ளின் இதற்குக் குறுக்கு வழி தேடவில்லை. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ்.ராமநாதனிடம் வீணை கற்றுக்கொண்டார். கிட்டாரையே மாற்றிச் செய்யச் சொன்னார். வீணையில் மெட்டு என்போமே, கிட்டாரில் அவற்றுக்கு நடுவே இருக்கும் மரத்தைப் பள்ளமாகக் குடைந்தார்கள். கமகத்துக்காகத் தந்தியை அழுத்தி இழுக்க விரலுக்கு இடம் கிடைத்தது. சுருதிக்கென்று குறுக்கே ஏழு தந்திகள் வேறு. சத்தம், கார்டு என்று தன்னிடம் இருந்த பெரிய ஆயுதங்களைக் கணிசமாகக் குறைத்துக்கொண்டுதான் அவர் அந்த மேடைக்கு வந்தார்.

எனக்கு இதைவிடப் பெரிய விஷயம் கடம். நம் கச்சேரிகளில் அது உப பக்கவாத்தியம். மிருதங்கத்துக்கு இடம் கொடுத்து, தனி ஆவர்த்தனத்தில் தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். 1966-ல் எம்.எஸ். அம்மாவோடு ஐ.நா. சபையிலேயே வாசித்தவர் விக்கு. அவர் கைவித்தைக்கும் அதே அளவு இடம்தான். ‘சக்தி’யில் அப்படியில்லை. எல்லோரும் ஒரே வரிசை. கிட்டார் ஒன்று கேட்கும். கடம் பதில் சொல்லும். சில சமயம் எதிர்க்கேள்வியும் போடும். ஒரு மண்பானைக்கு நம் ஊர் மேடை கொடுக்கத் தயங்கிய இடத்தை, ஜாஸ் பழக்கம் கொடுத்தது. ஜாஸில் எல்லா வாத்தியத்துக்கும் ஒரு முறை வரும் என்பது வழக்கம்.

போன வருஷம் ஒரு கல்யாண வரவேற்பில் இதன் நேர் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தேன். கீபோர்டு, டிரம்ஸ், பேஸ் கிட்டார், கூடவே ஒரு நாதஸ்வரம். சுருதி சேரவில்லை. கீபோர்டில் ஒரு பட்டனை அழுத்தினால் சுருதி மாறிவிடும். நாதஸ்வரம் மரக்குழல், அதன் சுருதி அதன் நீளத்தில் இருக்கிறது. ஆனால், “நீங்க கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்கண்ணே” என்று பெரியவரிடம்தான் சொன்னார்கள். அவர் சீவாளியை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் பாட்டுக்குப் பாட்டு இரண்டு வரி ஊதிவிட்டு ஓரமாக நின்றார். வீடியோக்காரர் மட்டும் அவரையே சுற்றிச் சுற்றி எடுத்தார். பட்டு அங்கவஸ்திரம் படத்துக்கு நன்றாக இருக்கும் இல்லையா!

‘சக்தி’யின் பழைய குழு மூன்று இசைத்தட்டுகளோடு கலைந்தது. 1997 முதல் வேறு வேறு கலைஞர்களோடு மறுபடி தொடங்கியது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் வாசித்தார், சங்கர் மகாதேவன் பாடினார். விக்குவின் இடத்துக்கு அவர் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு வந்தார். 2024 பிப்ரவரியில் ‘திஸ் மொமென்ட்’ ஆல்பத்துக்கு கிராமி கிடைத்தது. அதே வருஷம் டிசம்பரில் ஜாகிர் உசேன் போய்விட்டார்.

முதன்முறை கேட்பவர்கள், இரண்டாவது இசைத்தட்டின் ‘லா தான்ஸ் து பொனேர்’ பாட்டில் ஆரம்பிக்கலாம். பெயர்தான் பிரெஞ்சு, தொடக்கம் சுத்தமான கொன்னக்கோல். போனின் ஸ்பீக்கரில் மட்டும் வேண்டாம். இயர்போன் போட்டுக்கொள்ளுங்கள். கடத்தின் வாயை வயிற்றில் வைத்து மூடித் திறக்கும்போது எழும் அந்தக் ‘கும்’ ஸ்பீக்கரில் கேட்காது.