அப்பாயியின் பெயர்

கொள்ளுத்தாத்தா நாற்பது வயதுக்குள் போய்விட்டார். பள்ளிக்கூடம் போகும் மகனோடு நின்ற கொள்ளுப்பாட்டிக்கு அவருடைய கொழுந்தனார்தான் பெரிய மனது வைத்துச் சோறு போட்டாராம். கல்யாணமோ கருமாதியோ, பங்காளிகள் கூடினால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. என் அத்தை மட்டும் அப்போது எழுந்து உள்ளே போய்விடுவார். அவர் அப்படிப் போவதுதான் கொள்ளுத்தாத்தாவின் நிலம் என்ன ஆனது என்று என்னைத் தேட வைத்தது.

வருவாய்த்துறைக் கணக்குகளில் வழி கிடைக்கவில்லை. சிட்டா, அடங்கல், 'அ' பதிவேடு எல்லாவற்றிலும் கொழுந்தனாரும் அவர் வாரிசுகளும்தான். 1979இல் தொடங்கிய யூ.டி.ஆர். என்னும் நிலப் பதிவேடு புதுப்பிப்புப் பணிக்கு முந்தைய நிலவரம் பழைய கர்ணத்துக்குத் தெரிந்திருக்கும். கர்ணம் பதவியோ 1980 நவம்பரில் அவசரச் சட்டம் ஒன்றில் ஒழிந்துபோனது. ஒழிய வேண்டிய பதவிதான். ஆனால் அந்தக் கர்ணத்தின் பேரன் திறந்து காட்டிய மரப்பெட்டியில் கரையான் மண்ணைத் தவிர ஒன்றும் இல்லை.

பதிவு அலுவலகத்துக்கு எதிரே, வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருக்கும் பத்திர எழுத்தருக்கு எண்பதைத் தாண்டிய வயது. சர்வே எண்கள் எழுதிய தாளை நீட்டினால் வாங்கவே மாட்டார்.

"நீங்க நிலத்தைத் தேடுறீங்க தம்பி, ஆளைத் தேடலை. அந்தம்மா பேரு என்ன?"

எத்தனை முறை போனாலும் இதே கேள்விதான். வீட்டில் யாருக்கும் பதில் தெரியவில்லை. எல்லாருக்கும் கொள்ளுப்பாட்டி 'அப்பாயி', அவ்வளவுதான்.

எழுத்தரின் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. நான் தேடிய சமயத்தில் கணினியில் வில்லங்கம் 1975 வரைதான் போனது. அதற்கு முந்தையதைக் கையால்தான் புரட்ட வேண்டியிருந்தது. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, சொத்துப் பத்திரங்கள் பதிவாகும் முதல் புத்தகத்துக்கு இரண்டு அட்டவணைகள் உண்டு. ஒன்று சொத்துவாரியாக, மற்றது எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர் பெயர்வாரியாக. கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பெயர் தெரியாவிட்டால் அந்த இரண்டாவது கதவு திறக்காது.

கடைசியில் அத்தையிடமே கேட்டேன். வீட்டில் அவர் 'பாப்பா'.

"எங்க அம்மா மாமியார் பேரை வாயால சொல்லக்கூடாதுல்ல? அதான் என்னைப் பாப்பான்னே கூப்பிட்டாங்க. என் சர்ட்டிபிகேட்டுல இருக்கே, அதுதான் அப்பாயி பேரு."

பதில் எங்கள் வீட்டு பீரோவுக்குள்ளேயே இருந்திருக்கிறது! அன்று எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

அந்தப் பெயரில் வந்தது 1949ஆம் வருடத்து விடுதலைப் பத்திரம். நகலில் எழுத்து குனிந்து குனிந்து ஓடுகிறது. தனக்காகவும் மைனர் மகனுக்குக் கார்டியனாகவும் அவர் ஆறு மா நஞ்சையில், அதாவது இரண்டு ஏக்கரில், உள்ள பாத்தியதையை விட்டுக்கொடுக்கிறார். பதிலுக்கு ஆயுள்வரை வருடாவருடம் கலக்கணக்கில் நெல்லும் வீட்டில் ஓர் அறையும். கீழே 'இடது பெருவிரல் ரேகை' என்று எழுத்தர் குறித்திருக்கிறார்.

கொழுந்தனாருக்கு அந்த ரேகை ஏன் தேவைப்பட்டது? கணவனின் சொத்தில் விதவைக்கு உரிமை தந்த 1937ஆம் ஆண்டுச் சட்டம் விவசாய நிலத்துக்குச் செல்லாமல் இருந்தது. சென்னை மாகாணம் 1947இல் தனிச்சட்டம் போட்டு நஞ்சை புஞ்சைக்கும் அதை நீட்டியது. கொள்ளுத்தாத்தா இறந்தது அதற்குப் பிறகு. ஆகவே அவர் பங்கு சட்டப்படி அப்பாயிக்கும் உரியது. அப்பாயி சாப்பிட்டது தன் நிலத்துச் சோறு. யாருடைய தயவும் அதில் இல்லை. அடுத்த முறை பங்காளிகள் கூடும்போது இந்த நகலை நடுவில் வைத்துப் படிக்கப்போகிறேன்.

பத்திரத்தில் இன்னொன்றும் இருந்தது. அப்பாயியின் தகப்பனார் பெயரும் ஊரும். பத்திர எழுத்தர் அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார். "அந்த ஊரு வேற சரகம் தம்பி. அங்கே போய் இவர் பேர்ல பாருங்க. மகளுக்குச் சீதனமா ஏதாவது எழுதி வச்சிருப்பாரு." அத்தையும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.