தேங்காய்ப்பட்டணத்தில் ஒரு பாகப்பிரிவினை

நாகர்கோவிலில் பஸ் ஏறி மேற்கே சுமார் 35 கிலோமீட்டர் பிரயாணம் செய்தால் தேங்காய்ப்பட்டணம் வந்து சேரலாம். ஜன்னலோரத்தில் இடம் கிடைத்தவர்களுக்கு வழி நெடுகத் தென்னை மரம் தெரியும். இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே வருகிறவர்களும் வருந்த வேண்டியதில்லை; எந்தப் பக்கம் தலையைத் திருப்பினாலும் அவர்களுக்கும் தென்னைதான். ஊருக்குப் பெயர் வைத்த புண்ணியவான் அதிகமாக யோசித்திருக்க மாட்டார்!

ஊரின் எல்லையில் குழித்துறைத் தாமிரபரணி அரபிக்கடலில் கலக்கிறது. திருநெல்வேலித் தாமிரபரணி வேறு, இது வேறு. ஆறும் கடலும் சேரும் இடத்தைப் 'பொழி' என்கிறார்கள். மாலை வேளையில் அங்கே போய்ச் சிறிது நேரம் நின்று பாருங்கள். கடல் ஏறும்போது உப்பு நீர் உள்ளே வருகிறது. வற்றும்போது ஆற்று நீர் வெளியே போகிறது. வாசல் ஒன்று, அதை இருவர் முறை வைத்துப் பயன்படுத்துகிறார்கள்.

தண்ணீரில் மட்டும் அல்ல, பேச்சிலும் இந்த ஊர் அப்படித்தான். 1956 நவம்பர் 1-ந் தேதி இந்தப் பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்கு முன்பு திருவிதாங்கூர் ஆட்சி. பள்ளிக்கூடத்தில் மலையாளம், வீட்டில் தமிழ். தோப்பில் முகமது மீரானைத் தெரியாத தமிழ் வாசகர் உண்டா? 1944-ல் இதே ஊரில் பிறந்தவர். மலையாளத்தில் படித்துவிட்டுத் தமிழில் நாவல் எழுதி, 'சாய்வு நாற்காலி'க்காக 1997-ல் சாகித்திய அகாதமி பரிசு பெற்றார். ஒரே தலைக்குள் இரண்டு பாஷைகள் குடியிருந்தால் சண்டை வரும் என்று பயப்படுகிறவர்களுக்கு அவரைத்தான் உதாரணம் காட்ட வேண்டும்.

இப்பேர்ப்பட்ட ஊரில் ஒரு வீட்டில், ஒரே கம்ப்யூட்டருக்குள் இரண்டு குடித்தனம் வைத்த கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

அரசாங்கம் கொடுத்த பெட்டி

2011 செப்டம்பர் 15-ந் தேதி, தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ அப்படி ஒரு பெட்டி வந்திருக்கும். அதில் ஒரு விசேஷம் இருந்தது. பலர் அதைக் கவனிக்கவேயில்லை. பெட்டிக்குள் விண்டோஸும் இருந்தது, 'பாஸ்' லினக்ஸும் இருந்தது.

இவை என்னவென்று கேட்கிறீர்களா? கம்ப்யூட்டருக்கும் ஒரு குடும்பத் தலைவி வேண்டும். விசையை அழுத்தியதும் அதை எழுப்பி, யார் யார் எங்கே உட்கார வேண்டும், எந்தச் சாமான் எந்த அலமாரியில் இருக்கிறது என்று ஒழுங்கு செய்து, நாள் முழுவதும் வேலை வாங்குகிறவள் அவள். 'இயங்குதளம்' என்று பாடப் புத்தகத்தில் போட்டிருப்பார்கள். விண்டோஸ் ஓர் இயங்குதளம். லினக்ஸ் இன்னொன்று, 1991-ல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் தொடங்கி வைத்தது. இன்று உலகெங்கும் பல்லாயிரம் பேர் சேர்ந்து வளர்க்கிறார்கள். விலை கிடையாது, யாரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் லினக்ஸை இந்திய மொழிகளுக்கு ஏற்றபடி அமைத்து 2007-ல் வெளியிட்டதுதான் 'பாஸ்'.

ஆனால் பிள்ளைகள் பெட்டியைத் திறந்தவுடன் பழகிய வாசலுக்கே போனார்கள். இரண்டாவது வாசல் சாத்தியபடியே கிடந்தது. பல வீடுகளில் பெட்டி பழுதாகிக் கடைக்குப் போனபோது, கடைக்காரர் பாஸை அழித்து, அந்த இடத்தையும் விண்டோஸின் பெயருக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். கேரளத்துப் பள்ளிக்கூடங்களில் கதை வேறு. அங்கே பாடமே லினக்ஸில்தான் நடக்கிறது. பிள்ளைகள் அந்த வாசலைத் திறந்துதான் ஆக வேண்டும்.

உம்மா போட்ட நிபந்தனை

நான் போன வீட்டிலும் பாஸ் பறிபோயிருந்தது. மூத்த பிள்ளை பிளஸ் டூ படித்தபோது வாங்கிய பெட்டி. அவன் இப்போது வளைகுடாவில் வேலை பார்க்கிறான். தகப்பனார் கயிற்று வியாபாரம் செய்கிறார். ஒன்பது வருஷத்துக் கடைக் கணக்கு அந்தப் பெட்டியில், விண்டோஸில் மட்டும் ஓடும் ஒரு பழைய மென்பொருளில் இருக்கிறது. மகனுடைய புகைப்படங்களும் அதில்தான்.

இளைய மகள் பி.காம். இரண்டாம் ஆண்டு. கல்லூரி வேலைக்கு அவளுக்குக் கம்ப்யூட்டர் வேண்டும். பெட்டியிலோ விண்டோஸ் 7. அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை 2020 ஜனவரி 14-ந் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. 2023-ல் குரோம் உலாவியும் கைவிட்டது. பரீட்சைக் கட்டணம் கட்டப் போனால் பக்கம் பாதியிலேயே நின்றுவிடும். புதிது வாங்குவதென்றால் பல ஆயிரம் ரூபாய். பழுது பார்க்கும் கடையில் கேட்டதற்கு, "எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடணும்" என்றார்களாம். பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடலாமா என்றுகூட வீட்டில் பேச்சு எழுந்தது.

மகள் வேறு வழி கண்டாள். விண்டோஸை அழிக்காமல், அதன் பக்கத்திலேயே லினக்ஸைக் குடிவைப்பது என்று தீர்மானித்தாள். உம்மா உடனே சம்மதிக்கவில்லை.

"காக்காக்க போட்டோ ஒண்ணும் போகப்பிடாது மக்களே. வாப்பா கணக்கும் போகப்பிடாது. பின்னே நீ என்ன வேணும்னாலும் செய்!" என்றார். (அண்ணனை இங்கே காக்கா என்பார்கள், சென்னை வாசகர்கள் ஆகாயத்தைப் பார்க்க வேண்டாம்.)

"உம்மா, அவங்க பக்கம் அப்படியே கிடக்கும். நமக்கு ஒரு முறி மட்டும் எடுத்துக்கிடுவோம்" என்றாள் மகள்.

பாகம் பிரித்த விதம்

முதல் காரியமாக, படங்களையும் கணக்கையும் வெளியே இன்னொரு வட்டில் நகல் எடுத்து வைத்தாள். பாகப்பிரிவினைக்கு முன்னால் நகைகளைப் பத்திரப்படுத்துவது போல இது. இதைச் செய்யாமல் மேற்கொண்டு எதையும் தொடாதீர்கள்.

பெட்டியில் 2 ஜிபி நினைவகம் இருந்தது. இந்தக் காலத்துக்கு அது போதாது. மார்த்தாண்டத்துக் கடையிலிருந்து இன்னொரு 2 ஜிபி வாங்கிப் பொருத்தினாள்.

மூன்றாவது, இடம். 320 ஜிபி வட்டில் விண்டோஸ் வைத்திருந்த பாகத்தை, விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் வட்டு நிர்வாகக் கருவியைக் கொண்டு சுருக்கி, 60 ஜிபி காலி செய்தாள். பழைய பெட்டிகளில் ஒரு சட்டம் உண்டு: வட்டை நான்கு முதன்மைப் பாகங்களுக்கு மேல் பிரிக்க முடியாது. நல்ல வேளையாக அங்கே மூன்றுதான் இருந்தன.

நான்காவது, லுபுண்டு என்ற எளிய லினக்ஸை இணையத்திலிருந்து இறக்கி, 8 ஜிபி பென்டிரைவில் அதற்குரிய கருவியால் எழுதினாள். வெறுமனே நகல் எடுத்துப் போட்டால் வேலை செய்யாது. பெட்டியை மறுபடி துவக்கும்போது எஃப் 12 விசையை அழுத்தி, பென்டிரைவிலிருந்து எழும்பச் சொன்னாள். (விசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.) இதில் ஒரு சௌகரியம்: குடியேறுவதற்கு முன்பே வீட்டைச் சுற்றிப் பார்க்கலாம். வட்டைத் தொடாமலே லினக்ஸ் ஓடும். வைஃபை வருகிறதா, ஒலி கேட்கிறதா, தமிழ் எழுத்து சரியாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

பிறகுதான் நெஞ்சு படபடக்கும் கட்டம். 'வட்டை முழுவதும் அழி' என்று ஒரு வரி. 'பக்கத்தில் நிறுவு' என்று ஒரு வரி. அடுத்தடுத்து இருக்கின்றன. உம்மா தோள்மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் இரண்டு தடவை வாசித்துவிட்டுப் பக்கத்தில் நிறுவும் வரியை அழுத்தினாள். முக்கால் மணி நேரம். அதற்குள் எனக்கு இரண்டு கிளாஸ் சாயா வந்துவிட்டது.

பெட்டி மறுபடி எழுந்தபோது கறுப்புத் திரையில் இரண்டு பெயர்கள் தோன்றின: லுபுண்டு, விண்டோஸ். சில விநாடிகளுக்குள் எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இருவரும் ஒரே சமயத்தில் வரமாட்டார்கள். ஒருத்தி கூடத்தில் இருந்தால் மற்றவள் உறங்குகிறாள் என்று அர்த்தம். ஓரகத்திகள் சண்டையில்லாமல் வாழ இதைவிட நல்ல ஏற்பாடு உண்டா? லினக்ஸ்காரி விண்டோஸின் அலமாரியைத் திறந்து பார்க்கலாம். விண்டோஸ்காரிக்கோ லினக்ஸின் அலமாரி கண்ணுக்கே தெரியாது.

உம்மா முதலில் விண்டோஸைத் திறக்கச் சொன்னார். படங்கள் இருந்தன. கணக்கு இருந்தது. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார்.

அஸர் நேரம் காட்டிய கடிகாரம்

ஆனாலும் ஒரு வேடிக்கை நடந்தது. இரவு 9 மணிக்கு விண்டோஸைத் திறந்தால், கடிகாரம் மாலை 3.30 என்றது. "இஷா தொழுதாச்சு, இது அஸர் நேரம் சொல்லுதே!" என்று உம்மா சிரித்தார். காரணம் இதுதான்: பெட்டிக்குள் இருக்கும் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமென்று எடுத்துக்கொள்கிறது. நமக்கும் பொது நேரத்துக்கும் ஐந்தரை மணி வித்தியாசம். லினக்ஸ் பக்கத்தில் ஒரே ஒரு வரிக் கட்டளை கொடுத்து, 'நீயும் உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள்' என்று சொன்னதும் சரியாகிவிட்டது.

இப்போது அந்த வீட்டில் ஒரு விதி. இணையம், வங்கி, கல்லூரி எல்லாம் லினக்ஸில். வாப்பாவின் கணக்கு விண்டோஸில், வைஃபையை அணைத்துவிட்டு. கட்டணத்தை அவள் கெடுவுக்கு முன்பே கட்டிவிட்டாள். ரசீதை உம்மா என்னிடம் காட்டினார்.

உங்கள் வீட்டுப் பரணில்

2025 அக்டோபர் 14-ந் தேதி விண்டோஸ் 10-க்கும் வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-ஐ ஏற்க முடியாத பெட்டிகள் ஏராளம். ஆகவே இது தேங்காய்ப்பட்டணத்து விவகாரம் மட்டும் அல்ல. புதிய பெட்டிகளில் இரண்டு எச்சரிக்கை: விண்டோஸின் விரைவுத் துவக்கத்தை முதலில் அணைத்துவிடுங்கள்; பிட்லாக்கர் என்ற பூட்டு போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: விண்டோஸ் முதலில், லினக்ஸ் பிறகு. வரிசை மாறினால் விண்டோஸ் வாசற்கதவைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளும்.

தேங்காய்ப்பட்டணத்துக்குப் போகிறவர்கள் பொழியையும், பழைய கல் பள்ளிவாசலையும், துறைமுகத்தில் மீன் வந்து இறங்குவதையும் பார்க்கத் தவற வேண்டாம். திரும்பி வந்ததும் ஒரு நாற்காலி போட்டு உங்கள் வீட்டுப் பரணையும் பாருங்கள். பழைய போர்வைக்குக் கீழே அரசாங்க முத்திரை போட்ட பெட்டி ஒன்று கிடந்தால், பழைய இரும்புக்காரன் வருவதற்குள் உங்கள் மகளிடம் கொடுத்துவிடுங்கள்.