தவணையில் வந்த தையற்பொறி

கொட்டாஞ்சேனை முதல் களனி வரை, பழைய வீடுகள் சிலவற்றின் மூலையில் ஒரு கறுப்புத் தையற்பொறியை இன்றும் காணலாம். 1851இல் அமெரிக்காவில் ஐசக் சிங்கர் காப்புரிமை பெற்ற பொறியின் வழிவந்தது அது. ஆரம்பத்தில் அதன் விலை நூறு டொலரளவு. சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாக்கனி. 1856இல் அவருடைய பங்காளி எட்வர்ட் கிளார்க் புகுத்திய தவணைமுறையே அதனை எளியோர் வாசலுக்குக் கொணர்ந்தது. 1877இல் சிங்கர் இலங்கைக்கு வந்தது; காலப்போக்கில் தவணைமுறையும் இங்கு வேரூன்றியது.

பொறியிற் பதித்த தொடரிலக்கம் அது பிறந்த காலத்தைச் சொல்லும். ஸ்கொத்லாந்தின் கிளைட்பாங்க் ஆலை 1980இல் மூடப்பட்டது. அங்கு பிறந்த பொறிகளோ இன்னும் ஓடுகின்றன. கோடிக்கணக்கில் வார்க்கப்பட்டமையால், பழமை மட்டும் அவற்றின் விலையை உயர்த்துவதில்லை. பழைய இரும்பு வாங்குபவர் எடையைப் பார்க்கிறார். சேகரிப்பவர் இலக்கத்தைப் பார்க்கிறார். மாதந்தோறும் தவணை கட்டி, அயலாருக்குச் சட்டை தைத்துப் பிள்ளைகளைப் படிப்பித்த தாயின் உழைப்பு அவ்விரு கணக்கிலும் சேர்வதில்லை.