கித்மத்துக்கும் ஒரு படிப்பு

"தொண்டு செய்யவும் பட்டம் வேண்டுமோ?" என் இளைய மகள் சமூகப் பணியில் முதுகலை பயில விரும்புகிறாள் என்று அறிந்ததும் உற்றார் உறவினர் பலர் கேட்ட கேள்வி இது. அறியாமையால் கேட்கிறார்கள் என்று அதனை ஒதுக்கிவிட என் மனம் ஒப்பவில்லை. நம் வீடுகளில் ஈகை என்பது ஏட்டில் எழுதிப் படிப்பதன்று. பெரியவர்களைப் பார்த்துப் பிள்ளைகள் பழகுவது. ரமலானில் ஸகாத், பெருநாள் தொழுகைக்கு முன் ஃபித்ரா, மையித்து வீட்டுக்கு அண்டை வீட்டார் சமைத்தனுப்பும் சோறு, ஏழைக் குமரின் நிக்காஹுக்குக் கேளாமலே வந்து சேரும் உதவி ஆகியவற்றுக்கெல்லாம் எந்தப் பல்கலைக்கழகமும் சான்றிதழ் தந்ததில்லை.

ஆகவே அக்கேள்விக்கு விடை தேடுவது என் கடமையாயிற்று. மகளின் பாடநூல்களை ஒவ்வொன்றாக வாங்கி, அகராதியைத் துணைக்கு வைத்துக்கொண்டு, மதரஸாவில் பாடம் நடத்திய நேரம் போக எஞ்சிய இரவுகளில் படித்தேன். அவற்றில் கண்டதையும், அதன் பயனாக எங்கள் வீட்டில் நிகழ்ந்ததையும் பெற்றோர்களாகிய உங்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது நேற்று முளைத்த படிப்பன்று. 1898இல் நியூயார்க் நகரில் கோடைகாலப் பயிற்சியாகத் தொடங்கிற்று. மறு ஆண்டே ஆம்ஸ்டர்டாமில் இதற்கென்று ஒரு கல்விக்கூடம் எழுந்தது. நம் நாட்டில் 1936இல் பம்பாயில் டாடா அறநிதியின் ஆதரவில் முதற்பள்ளி நிறுவப்பட்டது. இன்று டாடா சமூக அறிவியல் நிறுவனம் என்று வழங்குவது அதுவே. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியால் 1952இல் சமூகப் பணிப் பள்ளி உருவாயிற்று. தில்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியாவில் இத்துறை 1967இல் தோன்றியது. அரபி நாடுகளில் இப்படிப்பை 'அல்கித்மத்துல் இஜ்திமாஇய்யா' என்கிறார்கள். 'கித்மத்' என்ற சொல்லை நம் பாட்டிமார்களும் அறிவார்கள். நமக்குப் புதிது போலத் தோன்றும் ஒன்று நம் நாவில் நெடுநாளாக வாழும் சொல்லைத் தாங்கி நிற்பது கண்டு மகிழ்ந்தேன்.

பெயர் பழகியதாயினும் பாடம் பழகியதன்று. மேரி ரிச்மண்ட் என்ற அமெரிக்க அம்மையார், கல்லூரி வாசலை மிதிக்காதவர், 1917இல் வெளியிட்ட 'சமூக நோயறிதல்' என்னும் நூல் இத்துறையின் தூண்களில் ஒன்று. ஒருவருக்கு உதவுமுன் அவருடைய இடர் எங்கிருந்து வந்தது, குடும்பம் எத்தகையது, எந்தக் கதவுகள் மூடியுள்ளன, எவை திறந்துள்ளன என்று பொறுமையோடு ஆராய வேண்டும் என்பது அந்நூலின் சாரம். நோயையும் அதன் மூலத்தையும் நாடச் சொன்ன வள்ளுவரின் 'மருந்து' அதிகாரம் எனக்கு நினைவில் எழுந்தது. ஃபிக்ஹு பயின்றோர்க்கும் இது விளங்கும். காலம், இடம், கேட்பவரின் நிலை இவற்றை அறியாமல் ஃபத்வா வழங்கலாகாது என்று உஸ்தாதுமார்கள் எங்களுக்குக் கற்பித்தார்கள். ஒரே கேள்வியை இருவர் கேட்டாலும் இருவரும் ஒருவரல்லர்.

1957இல் ஃபெலிக்ஸ் பீஸ்டெக் என்பவர் இப்பணியாளர்க்குரிய நெறிகள் ஏழினை வகுத்தார். ஒவ்வொருவரையும் தனி மனிதராகக் காணுதல், அவர் உள்ளத்தைக் கொட்ட இடமளித்தல், தன் உணர்ச்சியை அளவில் நிறுத்துதல், உள்ளவாறே ஏற்றல், தீர்ப்புக் கூறாதிருத்தல், முடிவை அவர் கையிலேயே விடுதல், மறை காத்தல் என்பன அவை. படிக்கும்போது எளியவையாகத் தோன்றும். கையேந்தி நிற்பவரிடம் 'ஏன் இப்படி ஆனாய்?' என்று கேளாமல் ஒரு நாள் இருந்து பாருங்கள், அருமை தெரியும். இவற்றுள் கடைசி நெறி நமக்கு 'அமானத்' என்று அறிமுகமானதே. நம்பி ஒப்படைக்கப்படுவது பொருளாயினும் சொல்லாயினும் காக்கப்பட வேண்டியதன்றோ?

பிறர் துன்பத்தை அவர் நிலையிலிருந்து உணரும் தன்மைக்குத் தமிழில் என்ன சொல் என்று மகள் ஒருநாள் என்னைக் கேட்டாள். 'ஒத்துணர்வு' என்று இக்காலத்தார் எழுதுகிறார்கள் என்றேன். பின்னர் திருக்குறளில் 'கண்ணோட்டம்' என்றொரு அதிகாரம் இருப்பதைக் காட்டினேன். இன்று நாம் அச்சொல்லைக் கருத்து, பார்வை என்ற பொருளில் வழங்குகிறோம். பழந்தமிழில் அது, பிறரைக் கண்டவிடத்துக் கண் இரங்கிச் செல்லுதல். "கண் போனால் மனமும் போக வேண்டும் என்கிறார்களா, வாப்பா?" என்றாள். அவள் சொன்ன உரையை நான் எந்த உரையாசிரியரிடமும் கண்டதில்லை. எனினும் மறுக்கத் தோன்றவில்லை.

இனி வீட்டுக்கு வருகிறேன். எங்கள் கடற்கரையூர்களில் மாப்பிள்ளை பெண்வீட்டில் வாழ்வது வழக்கம். நான் மாப்பிள்ளையாகச் சென்ற வீட்டின் பின்கட்டு அறையில் என் மனைவியின் தமையனார் இருந்தார். இருபத்திரண்டு வயது வரை நன்றாக ஓதி, கணக்கெழுதி வந்தவர். அதன்பின் இல்லாத குரல்கள் அவர் செவியில் ஒலிக்கத் தொடங்கின. தாயத்து, தகடு, ஓதிய தண்ணீர் எல்லாம் ஆயின. பிறகு அந்த அறையே அவருடைய உலகமாயிற்று. அன்பில் எக்குறையும் இல்லை. மூன்று வேளையும் முதற்சோறு அவருக்கே போகும். ஆனால் விருந்தினர் வந்தால் அந்தக் கதவு சாத்தப்படும். ஏனென்று எவரும் சொல்வதில்லை, எல்லாரும் அறிவார்கள்.

மகள் மருத்துவ, மனநலச் சமூகப் பணியைச் சிறப்புப் பாடமாகக் கொண்டபோது என் மனைவி அழுதாள். "அண்ணன் விஷயத்தை ஊர் மறந்திருக்கிறது. இவள் இதையே படித்தால், சம்பந்தம் பேச வருகிறவர்கள் காரணம் கேட்க மாட்டார்களா?" என்பது அவளுடைய அச்சம். அந்த அச்சத்தைப் பொய்யென்று நான் சொல்லவில்லை. நம் ஊர்களில் அது மெய்யே. களப்பணியைப் பற்றியும் உறவினர் முணுமுணுத்தார்கள். இப்படிப்பில் ஈராண்டுகளும் வாரத்தில் சில நாள்கள் வகுப்பை விட்டு வெளியே சென்று பணிபுரிய வேண்டும். கிராம முகாம் உண்டு. இறுதியில் தொடர்ந்து சில வாரங்கள் ஒரு நிறுவனத்தில் தங்கிப் பழக வேண்டும். "குமர்ப்பெண் ஆசுபத்திரிக்கும் சேரிக்கும் அலைவதா?" என்றார் ஒரு பெரியவர். நான் கேட்டேன்: "நம் பெண்கள் அந்த ஆசுபத்திரிக்கு நோயாளியாகப் போகும்போது, அவர்கள் நெஞ்சைத் திறந்து பேச ஒரு பெண் அங்கு இருக்க வேண்டாமா? அவள் யார் வீட்டுப் பெண்ணாக இருக்க வேண்டும்?" அவர் விடை கூறவில்லை, ஆனால் மகள் விடுதிக்குப் புறப்பட்ட அன்று துஆச் செய்து அனுப்பியவர் அவர்தாம்.

முதல் விடுமுறையில் வந்தவள் பின்கட்டுக் கதவருகே ஒரு பாயை விரித்து உட்கார்ந்தாள். மாமாவைப் பற்றி எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை, மாமாவிடமே பேசினாள். பல நாள் அவர் மறுமொழி கூறவில்லை. ஒருநாள் மெல்ல, "ஜும்ஆவுக்குப் போகணும்" என்றார். அவ்வளவுதான் அவர் கேட்டது.

தானே அவருக்குச் சிகிச்சை செய்துவிடலாம் என்று அவள் எண்ணவில்லை. சொந்த உறவினர்க்கு நீ பணியாளராக இருத்தல் இயலாது, மருத்துவரிடம் சேர்ப்பதே உன் வேலை என்று அவளுடைய பேராசிரியர் தெளிவாகக் கூறியிருந்தார். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் சென்றோம். மனச்சிதைவு என்னும் நோய் என்றார்கள், மருந்து தந்தார்கள். மருந்து முதலில் அவரை மிகவும் உறங்க வைத்தது, அளவை மாற்றினார்கள். நோய் முற்றும் நீங்கிற்று என்று நான் எழுத மாட்டேன். குரல்கள் தாழ்ந்தன, உறக்கம் சீரானது. எட்டு மாதங்களுக்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை என்னோடு பள்ளிவாசலுக்கு வந்தார். கடைசி ஸஃப்பில் நின்றார். தொழுகை முடிந்ததும் அவருடைய பால்யத் தோழர் ஒருவர் வந்து கைபற்றி ஸலாம் சொன்னார். அன்று என் மனைவி அழுத அழுகை வேறு.

இதனை அவருடைய அனுமதி பெற்றே எழுதுகிறேன். அனுமதி கேட்க வேண்டும் என்று நினைவூட்டியவள் மகள்.

இவ்விடத்தில் ஏர்வாடியை நினையாமல் இருக்க முடியவில்லை. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில் அங்குத் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் மாண்டார்கள். 28 உயிர்கள் போயின. அவர்களை அங்குக் கொண்டுவந்து விட்ட குடும்பங்களில் பல, வேறு வழி அறியாதவை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. ஏர்வாடி தர்காவிலும், குஜராத்தின் மீரா தாத்தார் தர்காவிலும் மருந்தும் துஆவும் இணைந்து செல்லும் திட்டங்கள் பின்னாளில் நடைமுறைக்கு வந்தன. வேண்டுதலுக்கு வந்தவரை விரட்டாமல், அங்கேயே மருத்துவரிடமும் சேர்ப்பது அவற்றின் வழி.

நம் மரபுக்கு இது அந்நியமன்று. பத்தாம் நூற்றாண்டில் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடல் நலத்தையும் உள்ள நலத்தையும் ஒரே நூலின் இரு பகுதிகளாக எழுதினார். 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் எழுப்பிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கும் தனியிடம் இருந்தது. அவர்களுடைய வழியில் வந்தோம் என்று பெருமை பேசும் நாம், பின்கட்டுக் கதவைச் சாத்தி வைப்பது பொருந்துமா?

பெற்றோர்களுக்கு ஒரு சொல். எந்தப் பாடத்தில் இளங்கலை முடித்தவர்களும் பெரும்பாலான கல்லூரிகளில் இம்முதுகலையில் சேரலாம், ஈராண்டுப் படிப்பு. இதிலேயே தொழிற்சாலைகளின் மனிதவளப் பிரிவுக்குச் செல்லும் கிளையும் உண்டு. நல்ல ஊதியம் நாடுவோர் பலர் அதனைத் தேர்கின்றனர். அதில் தவறில்லை. மருத்துவமனை, குழந்தைகள் பாதுகாப்பு, மாவட்ட மனநலத் திட்டம் ஆகியவற்றில் ஊதியம் பெரும்பாலும் சிறிது. வேலை ஒப்பந்த முறையில் அமைவதும் உண்டு. இதை மறைத்து உங்கள் பிள்ளைகளை அழைக்க நான் விரும்பவில்லை. என் மகள் இப்போது ஒரு மருத்துவமனையில் பணிபுரிகிறாள், பெறுவது கொஞ்சமே.

தொண்டுக்குப் பட்டம் வேண்டுமா என்ற கேள்விக்கு என் விடை இது. கொடுப்பதற்குப் பட்டம் வேண்டியதில்லை. அல்லாஹ் தந்த மனமும் பொருளும் போதும். ஆனால், பெறுபவர் தலை குனியாமல் பெறவும், பணத்தால் தீராத இடரைக் கண்டறியவும், தக்க கதவைத் தட்டவும் பயிற்சி வேண்டும். உங்கள் மகளோ மகனோ இப்படிப்பை விரும்பினால், மறுக்குமுன் அந்தப் பாடநூல்களை ஒருமுறை வாங்கிப் படித்துப் பாருங்கள்.