கானுக்குள் போடாதே

தண்ணீர் வடிந்த பிறகுதான் வேலையே தொடங்கும் என்றார் சின்னம்மா. 2016 மே மாதம், களனி கங்கை கரைமீறி வெல்லம்பிட்டியையும் கொலன்னாவையையும் மூழ்கடித்திருந்தது. பேலியகொடையில் ஆற்றோரம் இருந்த அவரது ஒழுங்கையில் கணுக்கால் புதையும் கறுத்த சேறு. எண்ணெய் வாடையும் மலக்குழி நாற்றமும் கலந்த சேறு அது. வெயிலில் காய்ந்தால் தரையைப் பிடித்துக்கொள்ளும். ஈரம் இருக்கும்போதே வழித்துவிட வேண்டும்.

நான் டொரொன்டோவின் ஸ்காபரோவில் வளர்ந்தவள். பனியும் அப்படித்தான், மிதிபட்டு இறுகிவிட்டால் மண்வெட்டி ஏறாது. அங்கே மாநகர இயந்திரம் வராத நடைபாதைகளை, பனி நின்ற 12 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரரே துப்புரவாக்க வேண்டும் என்று அப்போது விதி இருந்தது. அள்ளிய பனியைத் தெருவில் தள்ளவும் கூடாது. தண்டம் இல்லாவிட்டால் அவரவர் வாசலைத்தான் பார்ப்பார்கள் என்பது அங்கிருந்து நான் கொண்டுவந்த எண்ணம்.

அன்று காலை ஓர் இளைஞன் தன் வீட்டுச் சேற்றைக் கானுக்குள் தள்ளத் தொடங்கினான். எதிர்வீட்டு உம்மா மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டார்.

“கானுக்குள்ள போடவேணாம் மகன். அடைச்சா நுளம்பு எங்கட பிள்ளைகளத்தான் கடிக்கும்.”

“அப்ப எங்க போடச் சொல்றீங்க? லொறி இந்த ஒழுங்கைக்குள்ள வருமா?”

சிங்களத்திலும் தமிழிலும் சத்தம் ஏறியது. எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் யாரும் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தவில்லை. சண்டை போட்டபடியே ஒரு முடிவுக்கு வந்தார்கள்: லொறி வரக்கூடிய ஒழுங்கைத் தலைப்பில் எல்லார் சேற்றையும் குவிப்பது, தனியாக இருந்த முதியவரின் வீட்டில் தொடங்குவது. வரிசையாக நின்று தாச்சியைக் கைமாற்றினோம். எனக்கு அடுத்து நின்றவன் அந்த இளைஞன்தான். மத்தியானம் வெசாக் தானசாலைக்கு வாங்கி வைத்த அரிசியில் சமைத்த சோற்றுப் பார்சல் வந்தது. பருப்பும் போஞ்சிக் கறியும். உம்மா தன் பார்சலில் பாதியை அவனுக்கு வைத்தார். காலைச் சண்டையைப் பற்றி இருவரும் பேசவில்லை.

அவனுடைய கேள்வி மட்டும் என்னை விடவில்லை. எங்கே போடுவது? ஆற்றுக்கு அக்கரையில், மீதொட்டமுல்லையில் கொழும்பின் குப்பை உயர்ந்துகொண்டே போனது. அதை எதிர்த்து அங்குள்ளவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், அது சரிந்து வீடுகளை மூடியது. 30 பேருக்கு மேல் இறந்தார்கள். ஒரு முழு நகரமும் தன் வாசலைக் கூட்டி இன்னொருவர் வாசலில் தள்ளியதன் விளைவு அது. அதே ஆண்டில் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்குவால் பாதிக்கப்பட்டபோது, உம்மா கானுக்காக ஏன் அப்படி மல்லுக்கட்டினார் என்பது எனக்கு இன்னும் நன்றாக விளங்கியது.

இப்படி ஊர்கூடிச் செய்யும் சிரமதானத்தைப் புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடுவது அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு வசதி. அந்த ஒழுங்கை தன் பங்கைச் செய்தது: சேற்றைத் தலைப்புவரை சுமந்தது, கானைக் காத்தது. அங்கிருந்து அதை யாருடைய வீட்டருகிலும் கொட்டாமல் கொண்டுபோவது வரி வாங்குபவர்களின் கடமை. அதை அவர்களிடம் உரத்துக் கேட்கும் உரிமை, தாச்சி சுமந்த ஒவ்வொருவருக்கும் உண்டு.